கிணற்று வளைவுக் கோடு

ஊசிக்கரட்டுக் கார் பந்தயத்தில் பழனிசாமியின் பச்சை அம்பாசடர் தார்ச்சுவரில் உரசிய அதே நொடியில், மூன்று தெரு தள்ளித் தன் வீட்டு அடுப்படியில் முறுக்குப் பிழிந்துகொண்டிருந்த அவன் மனைவி ராஜாமணியின் வலது கையில், தோளிலிருந்து மணிக்கட்டு வரை கறுப்பாக ஒரு கோடு விழுந்தது. அவள் அதை எண்ணெய்ப் பிசுக்கு என்று நினைத்து முந்தானையால் துடைத்தாள், போகவில்லை, சீயக்காய் போட்டாள், போகவில்லை, மண்ணெண்ணெய் போட்டாள், அதற்கும் போகவில்லை, முறுக்கு கருகும் வாசம் வரவே கையை விட்டுவிட்டு அடுப்பைப் பார்க்கப் போய்விட்டாள்.

அன்று பொழுது சாய்வதற்குள் ஊரில் ஒன்பது பெண்களுக்கு அப்படிக் கோடு விழுந்திருந்தது. வலி இல்லை, எரிச்சல் இல்லை, மோந்து பார்த்தால் சூடான டயர் வாசம் மட்டும் அடித்தது, உற்றுப் பார்த்தால் கறுப்புக்கு நடுவே அவரவர் வீட்டுக் காரின் பெயிண்ட் பொடிப்பொடியாக ஒட்டியிருந்தது. ஆஸ்பத்திரி டாக்டர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார், கழற்றிவிட்டும் பார்த்தார், கடைசியில் படர்தாமரைக்குக் கொடுக்கிற களிம்பையே எழுதிக் கொடுத்தார். களிம்பு தடவியதில் கோடு இன்னும் பளபளப்பாக ஆனதுதான் மிச்சம்.

அந்தப் பந்தயத் தடத்தைப் பற்றி இங்கேயே சொல்லிவிட வேண்டும். முன்னொரு காலத்தில் மில் வைத்திருந்த ஒருவர் இருபது ஏக்கர் வாங்கிச் சரியான வட்டமாக ஒரு தடம் போட நினைத்தார். தென்கோடியில் இருந்த கிணற்றை மட்டும் அதன் சொந்தக்காரர்கள் சித்திரையிலும் தண்ணீர் வற்றாத கிணறு என்று விற்க மறுத்துவிட்டார்கள். அதனால் தடம் கிணற்றுக்கு இடம் விட்டு ஒடுங்கி, ஒரு பக்கம் அகலமும் ஒரு பக்கம் கூம்பலுமாகக் கோழிமுட்டை மாதிரி ஆகிப்போனது. வடக்கு வளைவுக்குத் தோதாக வண்டியைத் தயார் பண்ணினால் கிணற்று வளைவில் அது சறுக்கும், கிணற்று வளைவுக்குத் தயார் பண்ணினால் வடக்கில் மாட்டுவண்டி கூட முந்திப் போகும். ஓட்டம் இடது கைப் பக்கமாகவே திரும்பித் திரும்பிப் போகும் என்பதால் வெளிச்சுவர் எப்போதும் ஓட்டுகிறவனின் வலது தோளுக்குப் பக்கத்தில் இருக்கும், நடுவே ஒரு கதவுத் தகரம்தான். மழைக்கு இடியாமல் இருக்க அந்தச் சுவருக்கு வருஷா வருஷம் தார் பூசுவார்கள். கிணற்று வளைவில் அந்தத் தாரை உரசாமல் போகிறவன் பத்திரமாகக் கடைசியில் வருவான், ஜெயிக்க நினைக்கிறவன் உரசித்தான் ஆக வேண்டும். தை மாதக் கடைசி ஞாயிறு, முப்பது வயதுக்குக் குறையாத அம்பாசடரும் பியட்டும் மட்டும், கம்பெனியில் செய்த உடம்பு மாறாமல், எண்பது சுற்று. இதுதான் பந்தயம்.

கோடு ஏன் விழுகிறது என்று கொஞ்ச நாள் பேசினார்கள், பிறகு விட்டுவிட்டார்கள். யார்மேல் விழுகிறது என்பதைத்தான் விடாமல் பேசினார்கள், ரேஷன் கடை வரிசையில் பேசினார்கள், மாவு மில்லில் பேசினார்கள், அங்கேயே முடிவும் ஆயிற்று: சுவரில் உரசுகிற நொடியில் ஓட்டுகிறவன் யாரை நினைக்கிறானோ அவர் கையில்தான் விழும். அந்த முடிவுக்குப் பிறகு யாரும் அதை அழிக்கப் பார்க்கவில்லை. டெய்லர்கள் இடது கை நீளமாகவும் வலது கை குட்டையாகவும் ஜாக்கெட் தைக்க ஆரம்பித்தார்கள். பொண்ணு பார்க்கப் போகிறவர்கள் பாடத் தெரியுமா, சமைக்கத் தெரியுமா என்று கேட்பதற்கு முன்பே, பையன் கார் ஓட்டுவானா என்று பெண் வீட்டார் கேட்டார்கள். கல்யாணம் ஆகாத சின்னராசுவின் கோடு பொள்ளாச்சியில் ஒரு சைக்கிள் கடைக்காரர் மகள் மேல் விழுந்து, அடுத்த மாதமே மேளம் கொட்டியது. மனைவி செத்துப்போன ஒருவரின் கோடு சுவரில் மாட்டியிருந்த அவள் படத்தின் கண்ணாடிக்கு உள்பக்கம் விழுந்தது, அவர் படத்துக்கு முன்னால் உட்கார்ந்து அழுதுவிட்டு ஊருக்கெல்லாம் காபி கொடுத்தார். இன்னொருவரின் கோடு எருமை மேல் விழுந்து, அவர் மனைவி ஒரு மாதம் தாய் வீட்டில் இருந்தாள்.

எத்தனை தடவை உரசினாலும் ஓட்டுகிறவனுக்கு ஒரு பந்தயத்துக்கு ஒரு கோடுதான். விழுந்த கோடு போவதில்லை, அடுத்த வருஷக் கோடு அதன் பக்கத்திலேயே விழும். நாலு பந்தயம் முடிந்தபோது ராஜாமணியின் கையில் நாலு கோடு, நாலிலும் பச்சைப் பொடி. அவள் எதிர்வீட்டு மரகதமணியின் கை மட்டும் உரித்த வாழைத்தண்டு மாதிரி வெள்ளையாக இருந்தது.

மரகதமணியின் புருஷன் நாச்சிமுத்து கார் ஓட்டாதவன் என்றால் அவள் நிம்மதியாக இருந்திருப்பாள். அவன் ஓட்டினான். பழனிசாமியும் அவனும் ஒரே பட்டறையில் ஸ்பேனர் பிடித்து வளர்ந்தவர்கள். நாலு வருஷமும் பழனிசாமி முதலாவதாக வந்தான், நாலு வருஷமும் நாச்சிமுத்து அவன் பம்பரை முட்டுகிற தூரத்தில் இரண்டாவதாக வந்தான். சுவரில் உரசாதவன் என்றாலும் அவள் பொறுத்திருப்பாள். அவனுடைய சந்தன நிற அம்பாசடரைப் போல உரசிய வண்டி தடத்திலேயே கிடையாது, அதன் வலது பக்கம் அடுப்படிச் சுவர் மாதிரி கரி பிடித்துக் கிடந்தது. அப்படியானால் அந்தக் கோடெல்லாம் எங்கே போய் விழுந்தது?

"ஏனுங், செவுத்துல ஒரசறப்ப யாரை நினைக்கறீங்க?" என்று முதல் வருஷம் கேட்டாள்.

"நினைக்கறதுக்கு எங்க புள்ள நேரம்? முன்னால போறவனைப் பாக்கறதா, உக்காந்து நெனப்பு நெனைக்கறதா?"

"ராஜாமணி ஊட்டுக்காரருக்கு மட்டும் நேரம் இருக்குதாக்கும்."

அந்தப் பேரைக் கேட்டதும் நாச்சிமுத்து சோற்றில் கையைக் கழுவிவிட்டு எழுந்து போனான். குற்றமுள்ள மனசு, அதுதான் எழுந்து போகிறார் என்று மரகதம் நினைத்துக்கொண்டாள்.

அதிலிருந்து அவள் கைகளைப் பார்க்க ஆரம்பித்தாள். பஸ்ஸில் கம்பியைப் பிடித்திருக்கும் கைகளைப் பார்த்தாள், கல்யாணப் பந்தியில் பரிமாறும் கைகளைப் பார்த்தாள், மாரியம்மன் கோயிலில் எல்லோரும் கண்ணை மூடிக் கும்பிடும்போது இவள் மட்டும் கண்ணைத் திறந்துகொண்டு கும்பிட்ட கைகளையெல்லாம் பார்த்தாள். பச்சை, நீலம், காக்கி என்று எல்லா நிறப் பொடியும் பார்த்தாயிற்று, சந்தன நிறம் மட்டும் இல்லை. தூக்கம் குறைந்தது, ரத்தக்கொதிப்பு கூடியது, ரசத்துக்கு இரண்டு தடவை உப்புப் போட்டாள். ராஜாமணி வேறு கோலம் போடும்போதெல்லாம் புடவைத் தலைப்பை இடுப்பில் செருகி, வலது கையை வேண்டுமென்றே வெயிலில் நீட்டி, "மரகதம், கை அரிக்குது புள்ள. கோடு இருந்தாலே இப்படித்தான் அரிக்கும். உனக்கு அந்தத் தொந்தரவு இல்ல, புண்ணியவதி" என்பாள்.

கடைசியில் மரகதத்தின் கண் சௌந்தரியின் மேல் வந்து நின்றது. கிணற்று வளைவுக்கு உள்பக்கம், கம்பி வேலியை ஒட்டி டீக்கடை போட்டிருந்த சௌந்தரிக்கு நாற்பது வயது இருக்கும். புருஷன் திருப்பூருக்கு வேலைக்குப் போனவன் பதினோரு வருஷமாகத் திரும்பவில்லை. காட்டு வேலைக்குப் போகும் பெண்கள் போடுவது மாதிரி அவள் புடவைக்கு மேலே ஆம்பளைச் சட்டை போட்டிருப்பாள், நீல நிறம், முழுக்கை, மணிக்கட்டுப் பொத்தானும் போட்டிருக்கும். சித்திரை வெயிலில் பாய்லர் பக்கத்தில் நின்று வேர்த்துக் கொட்டினாலும் அந்தக் கையை மடித்துவிட மாட்டாள். மறைக்க ஒன்றும் இல்லாதவள் எதற்கு மறைக்கிறாள்?

மரகதம் டீ குடிக்கிற மாதிரி போய் அவள் கை மேல் தண்ணீரைக் கொட்டிப் பார்த்தாள். சௌந்தரி ஈரச் சட்டையோடேயே டீ ஆற்றினாள். வளையல் வாங்கிக் கொண்டுபோய், "போட்டுப் பாரு சௌந்தரி, உனக்கு நல்லா இருக்கும்" என்று சொல்லிப் பார்த்தாள்.

"இடது கைல போட்டு உடுங்க்கா."

"ஏன், வலது கைக்கு என்ன வந்துது?"

"அது டீ ஆத்தற கைங்க்கா. வளையல் ஒடைஞ்சு டீக்குள்ள உழுந்துரும்."

பதில் அவ்வளவு பொருத்தமாக இருந்ததாலேயே மரகதத்துக்குச் சந்தேகம் தீர்ந்துபோய் நிச்சயமாகிவிட்டது. நாலு கோடு, சந்தன நிறப் பொடியோடு, அந்த நீலத் துணிக்குள் இருக்கிறது. அன்றிலிருந்து அவள் பாத்திரம் விளக்கும்போது சௌந்தரியை நினைத்தாள், பூக் கட்டும்போது சௌந்தரியை நினைத்தாள், சௌந்தரி இப்போது கடை திறந்திருப்பாள், இப்போது பால் காய்ச்சியிருப்பாள், இப்போது கையை முகத்துக்கு நேரே பிடித்துப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருப்பாள் என்று விடிந்ததிலிருந்து நினைத்தாள்.

ஊசிக்கரட்டில் இன்னொரு பழக்கம் இருந்தது. பந்தயத்தன்று காலை ஒவ்வொரு காரும் தடத்தில் ஒரு சுற்று 'வீட்டு வட்டம்' போக வேண்டும். முன்பு ஒருமுறை ஒரு வண்டியில் பிரேக் பிடிக்காமல் போனதிலிருந்து, ஸ்டியரிங்கை நாங்கள் தொட்டுப் பார்க்காமல் புருஷனை உள்ளே விட மாட்டோம் என்று பெண்கள் மறித்து உட்கார்ந்து வாங்கிய உரிமை அது. எலுமிச்சம்பழம் நசுங்காமல் இன்ஜினை எழுப்பக் கூடாது என்பதால், வீட்டுப் பெண் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொள்வாள், வண்டியை ஆம்பளைகள் பின்னாலிருந்து தள்ளுவார்கள். சொந்த வண்டியைச் சொந்தக்காரன் தள்ளக் கூடாது, போட்டிக்காரன்தான் தள்ள வேண்டும்.

ஐந்தாம் வருஷம் மரகதம் ஒரு யோசனை பண்ணினாள். ஆண்கள் உரசினால் பெண்கள்மேல் விழுகிறதே, பெண் ஒருத்தி உரசினால்? அவரை நினைத்துக்கொண்டு நான் உரசினால் கோடு அவர் கையில் விழும், ஊரே பார்க்கும், நான் போட்ட கோட்டைக் கையில் வைத்துக்கொண்டு அவர் எப்படி இன்னொருத்தியை நினைப்பார்? மகளிர் குழுக் கூட்டம் என்று வீட்டில் சொல்லிவிட்டுப் பதினாறு நாள் டிரைவிங் ஸ்கூலுக்குப் போனாள். அங்கே சொல்லித் தராத ஒன்று அவளுக்கு முன்பே தெரியும்: குளிர்காலத்தில் நாச்சிமுத்துவின் வண்டி தள்ளாமல் கிளம்பாது, இருபத்துநாலு வருஷமாகத் தள்ளியவள் அவள்தான். இரண்டாம் கியர், க்ளட்ச்சை மிதித்து, ஓட்டம் பிடித்ததும் விட வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை காலை பழனிசாமியும் இன்னும் மூன்று பேரும் சந்தன நிற அம்பாசடரைத் தள்ளினார்கள். நாலு எலுமிச்சம்பழமும் சரியாக நசுங்கின. "நேராப் புடிச்சுக்குங்க தங்கச்சி" என்று பழனிசாமி பின்னாலிருந்து குரல் கொடுத்தான். வடக்குச் சரிவில் வண்டி தானாக உருளத் தொடங்கியபோது மரகதம் சாவியைத் திருகிக் க்ளட்ச்சை விட்டாள். வண்டி ஒரு தடவை இருமியது, இன்னொரு தடவை இருமியது, பிறகு எழுந்துகொண்டது. தள்ளிய நாலு பேரும் கைகளைத் தரையில் ஊன்றி விழுந்தார்கள்.

"ஐயோ, புள்ளைய வண்டி இழுத்துட்டுப் போகுது!" என்று யாரோ கத்தினார்கள்.

வண்டி இழுக்கவில்லை, அவள்தான் ஓட்டினாள். வடக்கு வளைவில் உடம்பெல்லாம் ஒரு பக்கமாகச் சாய, பல்லைக் கடித்துக்கொண்டு, கல்யாணமானதிலிருந்து வாயால் சொல்லாத பேரைச் சத்தமாகச் சொன்னாள். நாச்சிமுத்து, நாச்சிமுத்து, நாச்சிமுத்து என்று இன்ஜினை விடச் சத்தமாகச் சொன்னாள், வேறு நினைப்பு உள்ளே நுழைய இடம் இல்லாமல் சொன்னாள். நேர்த்தடத்தில் வேகம் கூடியது. கிணற்று வளைவு வாயை ஒடுக்கிக்கொண்டு எதிரே வந்தது. தார்ச்சுவர் வலது தோளை நெருங்கி நெருங்கி வந்தது. நாச்சிமுத்து, நாச்சிமுத்து. இடது பக்கம், கம்பி வேலிக்கு அந்தப்புறம், நீலமாக ஒன்று அசைந்தது. இங்கே நின்றுதானே நாலு வருஷமாக அவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள் என்று ஒரு கண்ணிமைப்புக்குத் தோன்றியது. அந்தக் கண்ணிமைப்பில் கதவுத் தகரம் கிறீச்சென்று சுவரை உரசியது.

வண்டி கொஞ்ச தூரம் போய் அணைந்து நின்றது. நாச்சிமுத்து தடத்தைக் குறுக்கே தாண்டி ஓடி வந்தான், அரைக்கைச் சட்டை, வலது கை வெறுமையாக இருந்தது. மரகதம் அவன் முகத்தைப் பார்க்கவில்லை, அந்தக் கையைத்தான் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

டீக்கடைப் பக்கம் டம்ளர்கள் உருண்ட சத்தம் கேட்டது. சௌந்தரி மணிக்கட்டுப் பொத்தானைப் பிய்த்துச் சட்டைக் கையைத் தோள் வரை சுருட்டிக்கொண்டிருந்தாள். வெயில் பட்டு எத்தனையோ வருஷமான அந்த வெளுத்த கையில், தோளிலிருந்து மணிக்கட்டு வரை, ஒரே ஒரு கோடு. சந்தன நிறப் பொடி இன்னும் சூடாக இருந்தது. பழைய கோடு ஒன்று கூட இல்லை.

கூட்டம் சேர்ந்துவிட்டது. மரகதம் வண்டியிலிருந்து இறங்கிப் போய் வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"மீதி எங்க?" என்றாள்.

"மீதி என்னங்க்கா?"

"மறைச்சு வெச்சிருந்தியே. நாலு."

சௌந்தரிக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. "கோட்டை யாராவது மறைப்பாங்களா? ஊரே கையை நீட்டிக்கிட்டுத் திரியுது. ஒண்ணும் இல்லாத கையத்தானுங்க்கா மறைக்கோணும். திருப்பூர்ல ஒருத்தன் என்னை மறந்துட்டான்னு தெரியறதே போதும், அதைக் கைல வேற எழுதிக் காட்டோணுமா?" அவள் கையை மூக்கருகே கொண்டுபோய் மோந்து பார்த்தாள். "என்னைப் போய் நெனச்சிருக்கீங்களே அக்கா. அவ்வளவு வேகத்துல போறப்ப."

ரேஷன் கடையில் போட்ட முடிவு எல்லோர் மனசிலும் மெதுவாகப் புரண்டு படுத்தது. ராஜாமணிதான் முதலில் வாயைத் திறந்தாள். "அப்ப பிரியத்துல விழறதில்லையா இது? மனசை அரிச்சுட்டு இருக்கறது எதுவோ அது மேலயா?" தன் நாலு கோட்டையும் பார்த்தாள். "ஏனுங், எம்மேல எதுல விழுந்துது? பயத்துலயா?"

பழனிசாமி கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தான். அவன் ஓட்டுகிறவர்களின் முழுக்கை அங்கியைப் பொத்தான் பொத்தானாகக் கழற்றி, வலது கையை வெளியே எடுத்து, நாச்சிமுத்துவின் முன்னால் நீட்டினான். நாலு கோடு. நாலிலும் சந்தன நிறம்.

"நாலு வருசமா சுமக்கறேன் நாச்சி. ஆம்பளை மேல ஆம்பளை கோடு விழுந்தா ஊரு சிரிக்கும்னு ஊட்டுலகூடக் காட்டல."

"அதுக்குத்தான் தோட்டத்து மோட்டார்ல போய்க் குளிச்சீங்களா!" என்று ராஜாமணி தலையில் கை வைத்தாள். "நான் வேற என்னென்னமோ நெனச்சேனே!"

நாச்சிமுத்து தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். "உன்ற பம்பர்தான்டா எனக்குத் தெரியும்," என்றான். "தூங்கினாலும் அந்தப் பச்சைப் பம்பர்தான். அதுல என்னை என்ன பண்ணச் சொல்றே?"

நாலு வருஷம் தேடிய கோடு கண் முன்னால் இருந்தது. பார்த்த கைகளையெல்லாம் மரகதம் மனசுக்குள் எண்ணிப் பார்த்தாள்: ஒரு ஆம்பளைக் கையைக்கூடப் பார்த்திருக்கவில்லை. கோபம் வரும் என்று காத்திருந்தாள், வரவில்லை. தன்னை மாதிரியே வெந்துகொண்டிருந்த ஒருவரோடுதான் இத்தனை நாளும் ஒரே வீட்டில் சாப்பிட்டுப் படுத்திருக்கிறோம், தான் ஒரு பக்கம் திரும்பி, அவர் ஒரு பக்கம் திரும்பி என்று மட்டும் தோன்றியது. அவன் முதுகிலிருந்த தூசியை முந்தானையால் தட்டிவிட்டு, "போய் ஓட்டுங்க. கதவை நானே கெடுத்துட்டேன், கொஞ்சம் பார்த்து மூடுங்க" என்றாள்.

எண்பது சுற்றும் நடந்தது. பெண்கள் வேலி ஓரமாக வரிசையாக நின்று, வண்டி உரசும் ஒவ்வொரு தடவையும் தங்கள் கையைப் பார்த்துக்கொண்டார்கள், முன்பு போல நீட்டிக் காட்டாமல் கொஞ்சம் சந்தேகத்தோடு பார்த்துக்கொண்டார்கள். மரகதமும் பார்த்தாள், பார்க்காமல் இருக்க அவளால் முடியாது. ஒன்றும் விழவில்லை. பழனிசாமி இந்தத் தடவையும் முதலாவதாக வந்தான், அங்கியை இடுப்பில் கட்டிக்கொண்டு வெறும் கையோடு ஓட்டியதால் ஐந்தாவது கோடு அதில் விழுந்ததை ஊரே பார்த்துக் கை தட்டியது.

பக்கத்தில் சௌந்தரி இரண்டு சட்டைக் கைகளையும் சுருட்டிவிட்டுக்கொண்டு டீ ஆற்றினாள். வாங்க வந்தவர்களிடமெல்லாம் கோட்டைத் திருப்பித் திருப்பிக் காட்டினாள், "மரகதக்கா போட்டது" என்று கேட்காதவர்களுக்கும் சொன்னாள். தான் போட்ட கோடுதான், இருந்தாலும் அதைப் பார்க்கப் பார்க்க மரகதத்துக்கு வயிறு எரிந்தது. போட்டவளுக்கு ஒன்றும் இல்லை, வாங்கிக்கொண்டவள் மினுக்குகிறாள்.

"அக்கா," என்று சௌந்தரி ஒரு டீயை வேலிக்கு மேலே நீட்டினாள். "அந்த க்ளட்ச்சு, க்ளட்ச்சுங்கறாங்களே, அது எந்தக் கால்ல மிதிக்கறது?"

"உனக்கு எதுக்கு?"

"அடுத்த வருசம் நானும் ஒரு சுத்துப் போலாம்னுதான். வண்டிக்குச் சொந்தக்காரங்க உட்டா."

மரகதம் டீயை வாங்கினாள். அவளுடைய வெள்ளைக் கை வெயிலில் அப்படியே இருந்தது.

"இடது கால்," என்றாள். "மெதுவா உடோணும், பட்டுனு உட்டா வண்டி குதிக்கும். கிணத்து வளைவுல பயப்படாம வலது பக்கம் ஒதுங்கோணும்." ஒரு வாய் குடித்துவிட்டு, அவள் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்: "ஒரசறப்ப வேற யாரையாவது நெனச்சியோ, அப்புறம் இருக்குது உனக்கு."